சர்வர் நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும்? கேம் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீடு மாறியபோது எனக்கு மூன்று வாரம் நெட் இணைப்பு கிடைக்கவில்லை. பரவாயில்லை, பாதியில் விட்ட கேம்கள் கம்ப்யூட்டரில் நிறைய இருக்கின்றனவே, ஆற அமர முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் நாள் ராத்திரி திறந்தது தனி ஆளாகக் கதையை ஆடி முடிக்கும் ஒரு கேம். அதில் வேறு யாரோடும் சேர்ந்து ஆட வழியே கிடையாது, ஆனாலும் சர்வருடன் இணைய முடியவில்லை என்று சொல்லி முதல் திரையிலேயே நின்றுவிட்டது. அடுத்த கேம் திறந்தது, ஆனால் நாற்பது மணி நேரம் ஆடிச் சேர்த்த ஆயுதங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. மூன்றாவது, பத்து வருடப் பழைய கேம், ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடியது. மூன்றுக்கும் நான் முழு விலை கொடுத்திருந்தேன், மூன்றுக்கும் 'வாங்கு' என்ற அதே பட்டனைத்தான் அழுத்தியிருந்தேன்.

அதற்கப்புறம் கேம் வாங்கும் பழக்கத்தையே மாற்றிக்கொண்டேன். எந்த கேமைப் பார்த்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்த கம்பெனி சர்வரை அணைத்துவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? ஒன்றும் மிஞ்சாது என்று பதில் வந்தால் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அது வாடகை என்று தெரிந்து, வாடகைக்குத் தகுந்த பணத்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எது வாடகை, எது சொந்தம் என்று பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'வாங்கு' என்று எழுதியிருந்தாலும்

டிஜிட்டல் ஸ்டோர்களில் நாம் பணம் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் உரிமம், அதாவது லைசன்ஸ். கேமைப் பயன்படுத்திக்கொள்ள நமக்கு ஓர் அனுமதி கிடைக்கிறது, அதன் நிபந்தனைகளை எழுதுவதும் மாற்றுவதும் கொடுத்தவர்கள் கையில் இருக்கிறது. இது ஏதோ சட்டப் புத்தகத்து விஷயம், நம்மை என்ன செய்யப்போகிறது என்று பல வருடம் நானும் இருந்தேன். யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனியின் 'தி க்ரூ' விஷயத்தில்தான் இதன் முழு அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்தது. 2014 டிசம்பரில் வெளியான கார் கேம் அது. அமெரிக்காவையே சுருக்கி ஒரே மேப்பாக்கி, அதில் தனியாக ஓட்டிக்கொண்டே ஒரு கதையை முடிக்கலாம். ஆனால் தனியாக ஓட்டுவதற்கும் சர்வர் வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள், அதற்குப் பிறகு வாங்கியவர்களின் லைப்ரரியிலிருந்து உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். அதை டிஸ்க்காக வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். டிஸ்க் இருக்கிறது, போட்டால் ஓடாது.

அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஒரு சட்டம் கையெழுத்தானது, ஏபி 2426 என்று அதற்குப் பெயர், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்றால், வாங்குபவருக்கு அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லை டிஜிட்டல் கடைகள் போடக் கூடாது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் பணம் கட்டும் திரையில் இது உரிமம்தான் என்று ஒரு வரி இப்போது தெரிவது 2024 அக்டோபரில் வந்த மாற்றம். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் உபயோகமாகப் பட்டது அது கொடுத்திருக்கும் விதிவிலக்கு. விற்றவரால் திரும்பப் பறிக்க முடியாதபடி, நிரந்தரமாக டவுன்லோட் செய்து நெட் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளாக இருந்தால் அந்த எச்சரிக்கை தேவையில்லை. நாம் எந்த நாட்டில் இருந்தாலும் இதையே ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். டவுன்லோட் செய்து, நெட்டைத் துண்டித்து, யாரையும் கேட்காமல் ஆட முடிந்தால் அது நம்முடையது. மற்றதெல்லாம் இரவல்.

நெட் நிஜமாகவே தேவையா, தேவை என்று வைத்திருக்கிறார்களா

கடைக்குள் போவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் எல்லா ஆன்லைன் கேமையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுவது நியாயமில்லை. நூறு பேர் ஒரே மைதானத்தில் குதித்துக் கடைசி ஆள் வரை மோதும் கேமுக்கும், ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் வாழும் கேமுக்கும் சர்வர் இல்லாமல் எதுவும் இல்லை. அங்கே நெட் கேட்பது இயல்பு. நான் சண்டை பிடிப்பது இன்னொரு வகையோடு: ஒரே ஆள், ஒரே கதை, ஆனால் ஒவ்வொரு தடவையும் கம்பெனியின் கதவைத் தட்டி அனுமதி வாங்கினால்தான் உள்ளே போகலாம் என்கிற வகை.

தொழில்நுட்பமே அப்படித்தான், வேறு வழியில்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். டயாப்லோ 3 கம்ப்யூட்டரில் 2012 மே 15 அன்று வந்தது. தனியாக ஆடுவதற்கும் சர்வர் கட்டாயம், வெளியான அன்று சர்வர் தாங்காமல் 'எரர் 37' என்ற செய்தியைத்தான் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதே கேம் அடுத்த வருடம் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களுக்கு வந்தபோது நெட் இல்லாமலே ஓடியது. 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டியும் அப்படித்தான். நகரம் கட்டும் கேம், தனியாக உட்கார்ந்து ரோடு போட்டு வீடு வைக்கிற வேலை, அதற்கும் நெட் கட்டாயம். கேம் உள்ளே போடும் கணக்குகளில் ஒரு பெரிய பகுதி சர்வரில்தான் நடக்கிறது, ஆஃப்லைனாக மாற்றுவது சுலபமில்லை என்றார்கள் கம்பெனிக்காரர்கள். கேமைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ரசிகர்கள் சில நாட்களிலேயே சர்வர் இல்லாமல் நகரம் ஓடுவதைக் காட்டினார்கள், ஒரு வருடம் கழித்து 2014 மார்ச்சில் கம்பெனியே ஆஃப்லைன் முறையை அப்டேட்டாகக் கொடுத்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது, அதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கேம் ஆஃப்லைனில் திறக்கும், ஆடலாம், ஆனால் ஆடிச் சம்பாதிப்பது எதுவும் சேராது. புதிய ஹிட்மேன் கேம்கள் இப்படித்தான், நெட் இல்லாமல் ஒரு இடத்துக்குள் போய் ஆடலாம், ஆனால் புதிய கருவிகளும் தொடங்கும் இடங்களும் திறக்க சர்வர் வேண்டும். கிரான் டுரிஸ்மோ 7 இன்னும் கண்டிப்பானது. 2022 மார்ச்சில் ஓர் அப்டேட்டில் கோளாறு வந்து சர்வர் 30 மணி நேரத்துக்கும் மேல் நின்றபோது, யாரோடும் போட்டியிடாமல் தனியாகக் கார் சேர்த்துக்கொண்டிருந்தவர்களும் தங்கள் சேகரிப்பைத் தொட முடியாமல் போனது. ஆகவே ஆஃப்லைனில் திறக்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. ஆஃப்லைனில் முழுசாக ஆட முடியுமா, முன்னேற முடியுமா, ஆடியது சேவ் ஆகுமா என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

ஸ்டோர் பக்கத்தில் கண்ணை எங்கே வைப்பது

ட்ரெய்லரையும் விலையையும் பார்த்துவிட்டு நேராக பட்டனுக்குப் போகிற பழக்கத்தை விடுங்கள். ஸ்டீமில் கேம் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கும். சிங்கிள் பிளேயர் என்று அங்கே போட்டிருந்தால் அதை வைத்து நெட் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள், தனியாக ஆடலாம் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அதற்குக் கீழே மஞ்சள் நிறத்தில் வேறு கம்பெனியின் அக்கவுண்ட் தேவை என்றோ, வேறு கம்பெனியின் டிஆர்எம் இருக்கிறது என்றோ கட்டம் கட்டிப் போட்டிருக்கிறதா பாருங்கள். டிஆர்எம் என்பது நீங்கள் அனுமதி பெற்றவர்தானா என்று சோதிக்கும் பூட்டு. இரண்டு அக்கவுண்ட் கேட்டால் இரண்டு கம்பெனியும் உயிரோடு இருந்து இரண்டும் சம்மதித்தால்தான் உங்கள் கேம் ஓடும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு என்னென்ன தேவை என்று சொல்லும் பகுதியையும் கடைசி வரி வரை படிக்க வேண்டும், நெட் இணைப்பு தேவை என்பதைப் பலர் அங்கேதான் எழுதுகிறார்கள். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் ஆன்லைன் கட்டாயமா, விருப்பமா, ஆஃப்லைனில் ஆடலாமா என்பது கேம் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும். டிஸ்க் பெட்டியாக வாங்குபவர்கள் பின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

ஸ்டோர் சொல்வதோடு நிறுத்தாமல் பிசி கேமிங் விக்கி என்ற தளத்திலும் கேமின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆட்களே சோதித்து எழுதும் தளம் அது. எந்தக் கடையில் வாங்கினால் எந்தப் பூட்டு வரும், நெட் இல்லாமல் ஓடுமா, சேவ் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கும் என்பது வரை அங்கே இருக்கும். ஒரே கேம் ஒரு கடையில் பூட்டோடும் இன்னொரு கடையில் பூட்டே இல்லாமலும் கிடைப்பது உண்டு, விலை சமம் என்றால் பூட்டில்லாததை எடுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். ஜிஓஜி கடையில் கேம்கள் டிஆர்எம் இல்லாமல்தான் வருகின்றன, தனி இன்ஸ்டாலர் ஃபைலாகவே டவுன்லோட் செய்து உங்கள் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டீமிலும் சில கேம்களுக்குப் பூட்டே கிடையாது, ஃபோல்டரை அப்படியே வேறு இடத்துக்கு நகலெடுத்து ஸ்டீம் இல்லாமலே திறக்கலாம். இதை ஸ்டோர் பக்கம் சொல்லாது, அந்த விக்கி சொல்லும்.

ரீஃபண்ட் நேரம் முடிவதற்குள் நெட்டைப் பிடுங்கிப் பாருங்கள்

இதுதான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது. வாங்கியாகிவிட்டது, டவுன்லோடும் முடிந்தது, உடனே கதையில் மூழ்கிவிடாதீர்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்கும். ஜிஓஜியில் 30 நாள். அந்த நேரத்தில் கொஞ்சத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள்.

முதலில் நெட்டோடு கேமைத் திறந்து, கேட்கிற அப்டேட் எல்லாம் போட்டு, தொடக்கத்தில் ஒரு பத்து நிமிடம் ஆடி, சேவ் செய்து வெளியே வாருங்கள். அப்புறம் ஸ்டீம் மெனுவில் ஆஃப்லைனுக்குப் போய், வைஃபையை அணைத்து அல்லது கேபிளைப் பிடுங்கி, கம்ப்யூட்டரையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் முன்பே வாங்கிய அனுமதி நினைவில் இருந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டக்கூடும். இப்போது கேமைத் திறந்து முதல் திரையைத் தாண்டுகிறதா, பழைய சேவ் தெரிகிறதா, வாங்கிய கூடுதல் பகுதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னொரு பத்து நிமிடம் ஆடி ஏதாவது ஒரு பொருளோ அனுபவப் புள்ளியோ சம்பாதித்து, சேவ் செய்து, மூடித் திறந்து, சம்பாதித்தது அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் இணைப்பு போனால் என்ன ஆகிறது என்பது தனிச் சோதனை: ஆடிக்கொண்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள். சில கேம்கள் அந்த நொடியே வெளியே தள்ளிவிடும், கடைசி சேவுக்குப் பிறகு ஆடியதும் அதோடு போகும். கையில் கொண்டுபோகும் சாதனத்திலோ லேப்டாப்பிலோ ஆடுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், சில பூட்டுகள் சில நாட்களுக்கு ஒருமுறை மறுபடி நெட்டைக் கேட்கும், ஆகவே அந்த 14 நாளில் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை ஆஃப்லைனில் திறந்து பாருங்கள்.

கேம் தேறவில்லை என்றால் ரீஃபண்ட் கேளுங்கள், காரணம் எழுதும் இடத்தில் நெட் இல்லாமல் ஓடவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

கன்சோலில் சோதனை இதேதான், ஆனால் முதலில் ஒரு அமைப்பைச் சரிபார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5இல் கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே என்பது இயக்கத்தில் இருக்க வேண்டும், எக்ஸ்பாக்ஸில் அந்தக் கருவியை ஹோம் எக்ஸ்பாக்ஸாக வைத்திருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் ஆஃப்லைனில் ஓடக்கூடிய டிஜிட்டல் கேமும் நெட் கேட்கும், கேமைக் குறை சொல்லிப் பயனில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013இல் அறிவிக்கப்பட்டபோது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கன்சோல் நெட்டில் வந்து போக வேண்டும் என்றுதான் திட்டம் இருந்தது, வாங்கப்போகிறவர்கள் கொடுத்த எதிர்ப்பில் வெளிவருவதற்கு முன்பே, அந்த ஜூனிலேயே கைவிட்டார்கள். வாடிக்கையாளர் சொல்லி எதுவும் மாறாது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

டிஸ்க் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்க் இருந்தால் விற்கலாம், இரவல் கொடுக்கலாம், அது பெரிய விஷயம்தான். ஆனால் டிஸ்க்குக்குள் முழு கேமும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நின்டெண்டோ சுவிட்ச் 2இல் கேம் கீ கார்டு என்று ஒரு வகை கார்டு வருகிறது, அதற்குள் கேம் இல்லை, டவுன்லோட் செய்யும் சாவி மட்டும்தான் இருக்கிறது, அட்டையின் முன்பக்கத்திலேயே அதைக் குறித்திருப்பார்கள். முழு கேம் உள்ள கார்டை மட்டும் சொந்தம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் கேம்தான் வேண்டும் என்றால்

நண்பர்கள் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள், எனக்கும் அதுதான் பிடிக்கிறது என்றால் தாராளமாக ஆடுங்கள், நானும் ஆடுகிறேன். அப்போது விலையை வாடகையாக மாற்றிக் கணக்குப் போடுங்கள். இந்த கேமை எத்தனை மாதம் ஆடுவேன், அந்த மாதங்களுக்கு இந்தப் பணம் எனக்குத் தகுமா? மாதக் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். பாபிலான்ஸ் ஃபால் 2022 மார்ச்சில் வந்து ஒரு வருடம் முழுசாக ஆவதற்குள் மூடப்பட்டது. கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது, அங்கே வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது, எல்லோரும் அப்படிக் கொடுப்பதில்லை. வெளியான நாளிலேயே விலை அதிகமான டீலக்ஸ் பதிப்பையும், இனிமேல் வரப்போகிற ஒரு வருட உள்ளடக்கத்துக்கான பாஸையும் வாங்குவதை நான் அறவே விட்டுவிட்டேன். வரப்போவதற்கு இப்போதே பணம் கொடுத்தால், வராமல் போகும் ஆபத்தும் நம் தலையில்தான். கேமுக்குள் புழங்கும் காசை மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள், வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும். அந்தக் காசுக்கு வெளியே மதிப்பு கிடையாது.

சொல்லப்போனால் மாதச் சந்தா கேட்கும் கேம்கள் இந்த விஷயத்தில் நேர்மையானவை என்பது என் கருத்து. மாதம் இவ்வளவு கொடு, அந்த மாதம் ஆடு, அங்கே யாரும் சொந்தம் என்று சொல்லி விற்கவில்லை. முழு விலையை ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு, எத்தனை வருடத்துக்கு என்று சொல்லாமல் விடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. பால் டப்பாவில்கூடத் தேதி போடுகிறார்கள். இத்தனையாம் வருடம் வரை சர்வர் கண்டிப்பாக இருக்கும் என்று ஒரு வரி கேம் பெட்டியில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கையில் இருப்பதைக் காப்பது

புதிதாக வாங்குவதற்கு முன் ஏற்கெனவே வாங்கியவற்றை ஒரு தடவை ஒழுங்கு செய்யுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை எடுத்து, பூட்டில்லாத கேம்களின் இன்ஸ்டாலர்களை அதில் இறக்குங்கள். ஜிஓஜியில் லைப்ரரியில் பெயர் இருக்கிறதே என்று விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு, ஃபைல் உங்கள் டிஸ்க்குக்கு வரும்வரை அந்தக் கடையின் சர்வரும் ஒரு சர்வர்தான். பெரிய அப்டேட் வந்தால் புதிய இன்ஸ்டாலரையும் இறக்கி, பழையதைச் சில மாதமாவது வைத்திருங்கள். சேவ் ஃபைல்களைத் தனியாக நகலெடுங்கள். கிளவுடில் இருக்கிறது என்பதை நகல் என்று எண்ணாதீர்கள், பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேவ் ஃபைலைக் கிளவுடில் வைக்கவே சந்தா வேண்டும், யூஎஸ்பியில் தனியாக எடுக்கவும் வழியில்லை. அக்கவுண்டுக்கு இரண்டு படிப் பாதுகாப்பு போடுங்கள், அக்கவுண்ட் போனால் மொத்த லைப்ரரியும் போகும். பணம் கட்டிய ரசீது மின்னஞ்சல்களை அழிக்காமல் ஒரு ஃபோல்டரில் வைத்திருங்கள், பின்னால் ரீஃபண்ட் கேட்கும்போது தேதியும் தொகையும் கையில் இருக்கும்.

விற்பனையிலிருந்து எடுப்பதும் சர்வரை மூடுவதும் ஒன்றல்ல, இதில் குழம்பிப் பதற வேண்டாம். ஃபோர்சா ஹொரைசன் 4 கார் உரிமங்கள் காலாவதியாவதால் 2024 டிசம்பரில் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது, முன்பே வாங்கியவர்கள் அதைத் தொடர்ந்து டவுன்லோட் செய்து ஆடலாம்.

மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால்

அறிவிப்பை முழுசாகப் படியுங்கள், தலைப்போடு விடாதீர்கள். பார்க்க வேண்டியது மூன்று தேதி: விற்பனை நிற்கும் நாள், கேமுக்குள் பணம் செலவழிப்பது நிற்கும் நாள், சர்வர் அணையும் நாள். அறிவிப்பு வந்த அன்றைக்கே செலவை நிறுத்துங்கள். சமீபத்தில் வாங்கியது ஏதாவது இருந்தால் ரீஃபண்ட் கேட்டு எழுதுங்கள், அறிவிப்பில் அதைப் பற்றி ஒன்றும் இல்லாவிட்டாலும் கேளுங்கள், தேதியும் ரசீதும் வைத்து மரியாதையாக ஆனால் திட்டவட்டமாக. அரட்டைப் பெட்டியில் கேட்பதைவிட மின்னஞ்சலில் கேட்பது நல்லது, எழுத்தில் பதில் இருக்கும். மறுத்தால் உங்கள் நாட்டு நுகர்வோர் அமைப்பிடம் கொண்டுபோக அந்தப் பதில் வேண்டும்.

அடுத்து, கடைசியாக ஆஃப்லைன் அப்டேட் கொடுக்கிறார்களா என்று தேடுங்கள். கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட் சர்வரை 2024 ஜனவரி 31 அன்று மூடியபோது, அதற்கு முன்பே கொடுத்த அப்டேட்டால் தனியாக ஆடும் பகுதி பெரும்பாலும் பிழைத்தது. ரெட்ஃபால் 2024இல் கடைசி அப்டேட்டில் ஆஃப்லைன் முறையைப் பெற்றது. நாக்அவுட் சிட்டி முழுக்க மல்டிபிளேயர் கேம், அதையே 2023இல் மூடும்போது ஆட்கள் தாங்களே சர்வர் வைத்து ஆடும் பதிப்பைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்படி அப்டேட் வந்தால் சர்வர் அணைவதற்கு முன்பே டவுன்லோட் செய்து, ஒரு தடவையாவது நெட்டோடு உள்ளே போய் உங்கள் சேவ் வந்து சேர்ந்ததா என்று பார்த்துவிடுங்கள். கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் அன்று கூட்டம் தாங்காது.

ஆஃப்லைன் அப்டேட் இல்லாவிட்டாலும் கேமை உடனே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரில் மூடப்பட்டது, ரசிகர்கள் நடத்திய ஹோம்கமிங் சர்வருக்கு 2024 ஜனவரியில் கம்பெனியே உரிமம் கொடுத்தது. தி க்ரூவையும் ரசிகர்கள் சொந்த சர்வர் எழுதி 2025இல் எழுப்பிவிட்டார்கள், அதில் ஆட கேம் ஃபைல் கையில் இருக்க வேண்டும். ரசிகர் சர்வர்களுக்குச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே புதிய பாஸ்வேர்டு மட்டுமே போடுங்கள், உள்ளே விடப் பணம் கேட்கும் இடத்துக்குப் போகவே வேண்டாம். உங்கள் கார்கள், கட்டிய வீடுகள், நண்பர்களோடு சுற்றிய இடங்கள் எல்லாவற்றையும் வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இதைச் செய்யாமல் விட்டதற்கு நான் இன்னும் வருந்துகிறேன்.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது

தி க்ரூ மூடப்பட்டதும், 2024 ஏப்ரலில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் முன்முயற்சி என்ற வழியில் அது 10 லட்சம் கையெழுத்து என்ற எல்லையைத் தாண்டி, 2025 ஜூலை 31 அன்று முடிந்தபோது 14 லட்சத்துக்கும் மேல் சேர்த்திருந்தது. பிரிட்டனில் மனு ஒரு லட்சத்தைத் தாண்டி 2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தது. சர்வரை என்றென்றைக்கும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை, நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். கம்பெனிகள் தரப்பில் செலவு கூடும், தனியார் சர்வர்களில் ஆட்களைப் பாதுகாக்க முடியாது, பாடல், கார் உரிமங்கள் முடிந்துவிடும் என்று பதில் வருகிறது. பழைய கேமைப் பிரித்து மாற்றுவது கஷ்டம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று தொடங்கும் கேமை முடிவையும் யோசித்து வடிவமைக்கலாம், மேலே சொன்ன கேம்களே அதற்குச் சாட்சி.

கையெழுத்துப் போட முடியாத நாட்டில் இருந்தாலும் செய்ய ஒன்று இருக்கிறது, விமர்சனம் எழுதுவது. 2021 செப்டம்பரில் ஹிட்மேன் கேமை ஜிஓஜி விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பூட்டில்லாத கடை என்று சொல்லிவிட்டு நெட் கேட்கும் கேமை விற்கலாமா என்று வாங்கியவர்கள் விமர்சனத்தில் கேட்டார்கள், அடுத்த மாதமே கடை அதை எடுத்துவிட்டது. விமர்சனம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நெட்டைத் துண்டித்து ரீஸ்டார்ட் செய்து திறந்தேன், கதை ஓடுகிறது, சேவ் ஆகிறது, ஆயுதங்கள் திறக்கவில்லை, சோதித்தது இந்தத் தேதியில் இந்தப் பதிப்பில் என்று இரண்டு வரி போடுங்கள். அப்டேட்டில் ஏதாவது மாறினால் திரும்ப வந்து அந்த வரியைத் திருத்துங்கள்.